கற்பனையிலும் ஒரு சேரி

அரக்கர்களை வரைவதுதான் என் பிழைப்பு. ராட்சசன், பூதம், வேற்றுக்கிரகத்து ஆள், இயந்திர மனிதன், பத்துத் தலை, ஆறு கை, எது கேட்டாலும் வரைந்து கொடுப்பேன். மாசம் பொறந்தா சம்பளம். இந்த வேலைக்கு கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். சினிமாவோ வீடியோ கேமோ தயாரிப்பதற்கு முன்னால், கதையில் வருகிற ஆள் எப்படி இருப்பான், என்ன உடுத்துவான், கையில் என்ன வைத்திருப்பான், எப்படி நிற்பான் என்பதை வரைந்து முடிவு செய்கிற வேலை. நாங்கள் வரைந்ததைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் உருவம் செய்கிறவரும், துணி தைக்கிறவரும், மேக்கப் போடுகிறவரும் தங்கள் வேலையைத் தொடங்குவார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இதைப் புரியவைப்பது கஷ்டம். 'உன் புள்ள இன்னா வேலை பாக்குது?' என்று யாராவது கேட்டால், 'கம்ப்யூட்டர்ல பொம்மை போடுறான்' என்று எங்கம்மா சொல்லும். சரியான விளக்கம்தான். ஆனால் யாரை நல்லவனாகப் போடுகிறோம், யாரை அரக்கனாகப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் யாரும் இன்னும் பேசவில்லை. பேசுகிற இடத்தில் நம்மவர்கள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பில் முகம் வரைவதில்லை. நிழல் விழுந்த மாதிரி, கண் மூக்கு எதுவும் இல்லாமல், வெறும் கறுப்பு உருவங்களாக இருபது முப்பது போடுவோம். தூரத்தில் இருந்து பார்த்தாலே இவன் வீரன், இவன் துரோகி, இவன் கோமாளி என்று தெரியணும். அதுதான் தொழில் விதி. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வெளிச்சம், நிறம், துணி, ஆயுதம், முன்பக்கம், பின்பக்கம் எல்லாம்.

இந்த விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இதை அரசியலாக நினைக்கவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. பார்த்த உடனே தெரிய வேண்டும் என்றால், பார்க்கிறவன் மனசில் ஏற்கெனவே இருப்பதைத்தான் எடுத்து வரைய வேண்டும். பார்க்கிறவன் மனசில் என்ன இருக்கிறது? சாதி இருக்கிறது. கறுப்பு என்றால் கெட்டது, அகல மூக்கு என்றால் முரடன், சுருட்டை முடி என்றால் காட்டான், சிவப்பு என்றால் அரசகுமாரன். இதெல்லாம் யாரும் எழுதி வைக்காத இலக்கணம். அந்த இலக்கணத்தில் தேறினால்தான் எங்களுக்குக் கூலி.

சில வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு ஸ்டுடியோவுக்குப் புராணக் கதை ஒன்று வந்தது. இரண்டு படைகள். ராஜாவின் படை, அசுரர் படை. ராஜாவின் படைக்குக் கொடுத்த மாதிரிப் படங்களில் கிரேக்கச் சிலை இருந்தது, இந்தி நடிகர்கள் இருந்தார்கள். அசுரர் படைக்குக் கொடுத்த படங்களில் ஆப்பிரிக்கப் பழங்குடிகள் இருந்தார்கள். கூடவே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் சட்டை இல்லாமல் கூடை தூக்கிக்கொண்டு நிற்கிற ஆட்கள் இருந்தார்கள். கீழே ஒரு குறிப்பு: 'வட சென்னை லுக் வேணும்.' அந்தப் படத்தில் இருந்த ஒருத்தர் சிரித்துக்கொண்டிருந்தார். அசல் எங்க மாமா சிரிக்கிற மாதிரியே இருந்தது.

'இவங்க எல்லாம் மீன் விக்கிறவங்க சார், இவங்க எப்படி அசுரனாவாங்க?' என்று கேட்டேன். 'ரெஃபரன்ஸ்தானே, சீரியஸா எடுத்துக்காதே' என்றார்கள். அந்த ரெஃபரன்ஸ் என்ற சொல்லை நன்றாக யோசித்துப் பாருங்கள். நம் உடம்பை ஒருத்தன் போட்டோ எடுப்பான், இன்னொருத்தன் கோப்பில் போட்டு வைப்பான், மூணாவது ஆள் அதற்குக் கொம்பு வைப்பான். கொம்பு வைத்த பிறகு அதைப் பார்த்து நாமே பயந்து கைதட்டுவோம்.

இது ஒரு ஸ்டுடியோவின் தப்பு இல்லை. அசுரனின் முகம் ரொம்ப காலமாக இப்படி வடிவமைக்கப்பட்டு வந்திருக்கிறது. 1894 இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய பிறகு கடவுள்களுக்கு ஒரே மாதிரி சிவந்த முகம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1967 இல் வரத் தொடங்கிய அமர் சித்திரக் கதையில் தேவர்களும் அரசர்களும் வெளுத்திருப்பார்கள், அல்லது நீலமாக இருப்பார்கள். அசுரர்கள் கறுத்துத் தடித்திருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று ஸ்டுடியோ நடத்துகிறார்கள். 2015 இல் வந்த பாகுபலியில் காலகேயர் என்று ஒரு கூட்டம். உடம்பெல்லாம் கரி பூசி, பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கென்று மதன் கார்க்கி கிளிக்கி என்று ஒரு மொழியையே உண்டாக்கினார். அரக்கனுக்கு இலக்கணத்தோடு மொழி இருக்கிறது, ஆனால் நியாயம் இல்லை. அதே படத்தின் தமிழ் வசனத்தில் அருந்ததியர் மக்களைக் குறிக்கிற ஒரு சொல் வசவாக வந்தது. மதுரையில் எதிர்ப்பு எழுந்தது, வசனம் எழுதியவர் வருத்தம் தெரிவித்தார், சொல்லை எடுத்தார்கள். சொல்லை எடுத்துவிடலாம். காதில் விழுகிறது, பிடித்துவிடுகிறோம். உருவத்தை எப்படி எடுப்பது? கரி பூசிய உடம்புக்கு எதிராக யார் மனு கொடுப்பது?

மேல்நாட்டிலும் இதே கதைதான். டோல்கின் எழுதிய கதையில் ஓர்க் என்று ஒரு கீழ்ப்பிறவிக் கூட்டம் வரும். அவர்களுக்கு மங்கோலிய மக்களின் சாயலைக் கேவலமாக்கிக் கொடுத்ததை அவரே 1958 இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் கறுத்த தோலுள்ள ஒரு இனமே பிறவியிலேயே கெட்ட இனம். பிறப்பால் குணம்! நமக்குப் புதுசா இது? ஆட்டக்காரர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு, 2020 இல் அந்தக் கம்பெனி இதை மாற்றுவதாகச் சொன்னது. 1979 இல் ஏலியன் என்று ஒரு படம் வந்தது. கிகர் வடிவமைத்த அந்தக் கொடூர மிருகத்தின் தோலுக்குள்ளே நின்று நடித்தவர் போலாஜி படேஜோ என்ற நைஜீரிய இளைஞர். ஆறடி பத்தங்குல உயரம். லண்டனில் வரைகலை படிக்க வந்த மாணவர். படிக்க வந்தது என் தொழில், கொடுத்த வேஷம் மிருகம்.

எங்கள் பக்கத்திலும் இதற்கு எதிர்வாசிப்பு இல்லாமல் இல்லை. 1873 இலேயே ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யில், அசுரர் எனப்பட்டவர்கள் இந்த மண்ணின் மக்கள் என்றும், பலி ராஜா நம்முடைய ராஜா என்றும் எழுதிவிட்டார். ஜார்க்கண்டில் அசுர் என்ற பெயரிலேயே ஒரு பழங்குடி இருக்கிறது. இரும்பு உருக்கியவர்கள். இரும்பு உருக்கியவன் கறுத்துத்தானே இருப்பான்? நெருப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவனை நரகத்துக்காரன் என்று எழுதிவிட்டார்கள். புலேயும் அயோத்திதாசரும் அம்பேத்கரும் எழுத்தில் இதை உடைத்தார்கள். படத்தில் இன்னும் உடைக்கவில்லை.

சின்ன வயசில் எனக்கு அம்புலிமாமா கிடைத்தது பழைய பேப்பர் கடையில். அதில் சங்கர் வரைந்த விக்கிரமன் படத்தைப் பார்த்துத்தான் நான் கை பழகினேன். ராஜா கையில் வாளோடு, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடப்பார். அற்புதமான கோடு. அந்தப் பெரியவர் 2020 இல் இறந்தார். அவர் கோட்டுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் எங்க சித்தப்பா சுடுகாட்டில் வேலை பார்த்தார். அவரும் பிணம் தூக்கினார். ராஜா தூக்கினால் கதை, சித்தப்பா தூக்கினால் சாதி. அந்தப் படத்தில் சித்தப்பா எங்கே நிற்கிறார் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். எலும்பு கிடக்கிறது, நரி இருக்கிறது, பேய் இருக்கிறது. அந்தச் சுடுகாட்டை வைத்துக் காப்பாற்றுகிறவன் மட்டும் இல்லை.

பழங்கதைதான் இப்படி, எதிர்காலக் கதையில் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அறிவியல் புனைகதைக்குப் படம் போடுகிற வேலை வந்தபோது சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். ஒரு கேம். இருநூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு துறைமுக நகரம். மூன்று அடுக்கு. மேலடுக்கில் கண்ணாடி மாளிகை, அங்கே அறிவாளிகள். நடுவில் வியாபாரிகள். கீழடுக்கில் கழிவுக் குழாய், கப்பல் துரு, சாக்கடை. கீழடுக்கு ஆட்களுக்கு வந்த குறிப்பு இது: கறுத்த தோல், பலசாலிகள், அதிகம் பேச மாட்டார்கள், முகமூடி போட்டிருப்பார்கள், பெயர் வேண்டாம், எண் போதும்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993 இல் ஒரு சட்டம் வந்தது. 2013 இல் இன்னொன்று வந்தது. இன்றும் இந்த நகரத்தில் குழிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறார்கள். சட்டத்தில் இல்லை என்று எழுதியாகிவிட்டது, வாழ்க்கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். கற்பனையில், இருநூறு வருஷம் தாண்டியும் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நட்சத்திரத்துக்குப் போக வண்டி கண்டுபிடிக்கிறான். சாக்கடைக்குள் இறங்க மட்டும் ஆள் வேண்டும் என்கிறான். பறக்கிற கார் வரைய முடிகிறவனுக்குச் சேரி இல்லாத ஊரை வரைய வரவில்லை.

நான் வரைந்ததை வீட்டில் எங்க நைனா பார்த்தார். அவர் துறைமுகத்தில் சிப்பிங் வேலை செய்தவர். கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, சுத்தியால் துரு தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடிக்கிற வேலை. ஒப்பந்தக் கூலி. இப்போது காது சரியாகக் கேட்காது, இரும்பில் இரும்பு மோதுகிற சத்தத்திலேயே வாழ்ந்த காது. படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

'இன்னாடா கயிறு கட்டிகிறே? ஆளையும் பலகையிலயே கட்டி வெச்சிகிறே. பலகை அறுந்தா அவனும் சேந்து பூடுவான். பலகைக்கு ரெண்டு கயிறு தனி, ஆளுக்கு ஒரு கயிறு தனி. அது மேல கம்பியில கட்டணும்' என்றார்.

'துருவும் தப்பு. நடுத் தகட்டுல துரு வராது. வெல்டு அடிச்ச எடம், ஓரம், ஆணி, அங்கதான் ஆரம்பிக்கும், அங்கேர்ந்து கீழ அழுவும். தண்ணிக்குள்ள இருக்கிறதவிட, அலை தொட்டுத் தொட்டுப் போற எடத்துலதான் நெறைய.'

அப்புறம் கேட்டார்: 'இது எப்போ நடக்குற கதை?'

'இருநூறு வருஷம் கழிச்சு நைனா.'

'அப்பவும் நாமதான் எறங்கணுமா?'

இந்த ஒரு கேள்விதான் தோழர்களே, இந்தக் கட்டுரை முழுவதும். விமர்சகர் யாரும் கேட்காத கேள்வி. கயிறு எங்கே கட்டணும் என்று தெரிந்தவருக்குத்தான் அது வரும்.

அதன்பிறகு அவரிடம் கேட்டுக் கேட்டு வரைந்தேன். மூட்டை தூக்கியவனுக்குச் சதை எங்கே திரளும்? சினிமா வீரன் மாதிரி நெஞ்சில் இல்லை, கழுத்துக்குப் பின்னால். சுத்தி பிடித்தவன் நிற்கும்போது எந்தத் தோள் இறங்கியிருக்கும்? கை எப்படி முழுசாக விரியாது? மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குக் கீழே உட்கார்ந்து நாள் கணக்கில் வரைந்தேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 இல் வைத்தது. நாலு பேர் ஒரு பாறையைத் தள்ளுகிறார்கள். உழைக்கிற உடம்பை வீரனின் உடம்பாக இந்த நகரம் வெட்டவெளியில் வைத்த இடம் அது. அங்கே பாரம் காலில் இருந்து கிளம்பி முதுகு வழியாகத் தோளுக்கு ஏறுவதைப் பார்க்கலாம். அசுரனுக்கு அதே உடம்பைக் கொடுத்து அசிங்கம் என்கிறோம், சிலையில் வைத்து அழகு என்கிறோம். உடம்பில் இல்லை வித்தியாசம், அது எதைத் தள்ளுகிறது என்று காட்டுகிறோமா இல்லையா என்பதில் இருக்கிறது.

கீழடுக்கு ஆட்களை நான் இப்படி மாற்றினேன். முகமூடியை எடுத்தேன். நெஞ்சில் எண்ணுக்குப் பதில் பெயர் போட்டேன். குழிக்குள் இயந்திரம் இறங்கும், மேலே நின்று அதை ஓட்டுகிறவர்கள் இவர்கள்; அந்த இயந்திரத்தைச் செய்தவர்களும் இவர்கள்தான். நகரம் ஓடுவதும் நிற்பதும் இவர்கள் கையில். உயிர்க்கயிறு தனியாக, மேலே கம்பியில். ஸ்டுடியோவில் கயிறு பிடித்திருந்தது, துரு ரொம்பப் பிடித்திருந்தது. இவ்வளவு நிஜமாக யாரும் துரு போட்டதில்லை என்றார்கள். பெயரை எடுத்துவிட்டார்கள். இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். முகமூடியைத் திரும்பப் போட்டார்கள். கதையை மாற்றுவது நம் வேலை இல்லை என்றார்கள். எங்க நைனாவின் அறிவு வேண்டும், அவர் பெயர் வேண்டாம்! அந்த கேம் கடைசியில் வெளிவரவே இல்லை. படங்கள் என்னிடமும் இல்லை. ஒப்பந்தப்படி வரைந்தது எல்லாம் கம்பெனிச் சொத்து.

எங்கள் தொழிலில் இன்னொரு வகை உண்டு: உலகம் அழிந்த பிறகு. மண் சாம்பலாகி, தண்ணீர் எண்ணெயாகி, மிச்சம் இருக்கிறவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு திரிகிற கதைகள். அதற்கு மாதிரி தேடி இணையத்தில் ஐஸ்லாந்து, செர்னோபில் என்று அலைவார்கள். நான் பஸ் ஏறி எண்ணூருக்குப் போனேன். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எரிந்தது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் செப்பாக்கம் என்று ஒரு ஊர் இருக்கிறது, காற்றடித்தால் சோற்றில் சாம்பல். ராயபுரத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது, துறைமுகத்து நிலக்கரித் தூசி. உயர்நீதிமன்றம் சொல்லி 2011 இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியை நிறுத்தினார்கள். நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதிக் கசிந்த எண்ணெயை எர்ணாவூர்க் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது, அப்போதும் கையால்தான் அள்ளினார்கள். அதே மாதம் 26 ஆம் தேதி ராத்திரி உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மற்றவர்களுக்கு இது வரப்போகிற அழிவுக் கற்பனை. எங்களுக்கு இது முகவரி. உலகம் எல்லோருக்கும் ஒரே நாளில் அழிவதில்லை, சேரியிலிருந்து தொடங்குகிறது.

அப்படியானால் என்ன செய்வது? கறுப்பு ஆளை வீரனாக்கி, சிவப்பு ஆளை அரக்கனாக்கினால் போதுமா? போதாது. நிறம் மாறும், அடுக்கு அப்படியே இருக்கும். 2018 இல் வந்த பிளாக் பாந்தர் படத்துக்கு உடை வடிவமைத்த ரூத் கார்ட்டர் என்ற கறுப்பினப் பெண்மணி என்ன செய்தார் பாருங்கள். லெசோதோ மலைநாட்டு மக்கள் போர்த்துகிற கம்பளியை எடுத்தார், அதையே எதிர்காலத்தின் கேடயமாக்கினார். ஏழை போர்த்துகிற கம்பளியில் நாளைய அறிவு இருக்கிறது என்று காட்டினார். 2019 இல் ஆஸ்கார் வாங்கினார். இங்கே 2011 இல் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும், பர்தான் கோண்டு ஓவியர்கள், அம்பேத்கர் வாழ்க்கையை 'பீமாயணா'வாக வரைந்தார்கள். அதில் சாதித் திமிர் பேசுகிற பேச்சுக்கெல்லாம் தேள் கொடுக்கு வைத்த கூடு, அன்பான பேச்சுக்குப் பறவை வடிவக் கூடு. கொடுக்கு மனுஷன் மூக்கில் இல்லை, அவன் சொல்லில் இருக்கிறது! எந்த ஸ்டுடியோவும் எனக்குச் சொல்லித் தராத பாடம். 2024 இல் வந்த 'தங்கலான்' கோலாரில் தங்கம் தோண்டிய நம் ஆட்களை மாயக்கதையின் நடுவில் நிறுத்தியது. கதவு திறந்திருக்கிறது.

ஆனால் வரைகிறவன் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. கதையில் மூன்று அடுக்கு இருந்தால் நான் மூன்று அடுக்குதான் வரைய முடியும். இப்போது சொல்லைக் கொடுத்தால் படம் போட்டுத் தருகிற இயந்திரமும் வந்துவிட்டது. அது கற்றுக்கொண்டது ஏற்கெனவே வரைந்து குவித்த படங்களிலிருந்து. நாம் இப்போது புதுசாக எதுவும் போடாவிட்டால், அந்தப் பழைய அசுரனையே அது காலம் பூராவும் துப்பிக்கொண்டிருக்கும்.

அதனால் எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. நாம் நம் வலியை எழுதினோம். எழுதத்தான் வேண்டும், இன்னும் தீரவில்லை. நம் வரலாற்றை மீட்டு எழுதுகிறோம், அதுவும் வேண்டும். நாளையை யார் எழுதுவது? தோல் தைத்த ரவிதாசர் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பேகம்புரா என்று துயரமில்லாத ஒரு ஊரைப் பாடிவிட்டார். அங்கே வரி இல்லை, பயம் இல்லை, இரண்டாந்தரம் மூன்றாந்தரம் என்று ஆள் இல்லை, யார் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். எந்தத் தெருவிலும் நடக்கலாம் என்பதுதான் நம் ஆள் கண்ட முதல் அறிவியல் கனவு. அமெரிக்காவில் ஆக்டேவியா பட்லர், வீட்டு வேலை செய்த அம்மாவின் மகள். எதிர்காலத்தை எழுதினார். 1995 இல் மக்ஆர்தர் நல்கை பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர்தான்.

எழுதுங்கள். சேரி இல்லாத ஊரை, இறங்க ஆள் தேவைப்படாத குழியை, பெயரோடு நிற்கிற இயந்திரக்காரியை, சித்தப்பா நடுவில் நிற்கிற சுடுகாட்டுக் கதையை எழுதுங்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் பென்சிலை எடுங்கள், எண்ணூர் கரையில் உட்கார்ந்து ஆட்களை வரைந்து பழகுங்கள். வரைவதற்கு நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம், இன்னும் வருவார்கள். உயிர்க்கயிறை மட்டும் மேலே கம்பியில் தனியாகக் கட்டுங்கள்.